வேதத்துக்கு வெளியே எரேமியாவுக்குச் சாட்சி உண்டா?

சான்டா கிளாராவில் எங்கள் தமிழ்ச் சபையின் வேதப்பாட வகுப்பை நடத்தும் அங்கிள், எரேமியா தீர்க்கதரிசியைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார். மூன்று வாரம் இருந்தது. ஆபீஸ் ஷட்டில் பஸ்ஸில் போகவர வாசித்தேன். வாசிக்க வாசிக்கச் சந்தேகம்தான் கூடியது.

எருசலேம் பாபிலோனிடம் விழும் என்று நாற்பது வருடம் சொல்லி அடிபட்டவர் அவர். அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் ஒருவர் எழுதிய சுருளை ராஜா அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். இதெல்லாம் வேதத்தில் இருக்கிறது. வெளியே, அந்தக் காலத்துப் பானை ஓட்டிலோ கல்லிலோ, இவர்தான் என்று உறுதியாகச் சொல்ல ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அந்த எழுத்தரின் முத்திரை என்று கொண்டாடிய களிமண் துண்டையும் இப்போது போலி என்கிறார்கள்.

“அதை ஏன் கிளப்புற? கதையை மட்டும் சொல்லிட்டு வந்துடு” என்றார் கணவர்.

பதினொரு வயது மகள் நிமிர்ந்து பார்த்தாள். “ஸோ, ஹி மைட் நாட் பி ரியல்?”

“அப்படி இல்லம்மா” என்றேன். அன்று ராத்திரியே குறிப்பை முதலிலிருந்து திரும்ப எழுதினேன்.

சனிக்கிழமை வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். அவரைச் சேற்றுக் குழியில் இறக்கிய அதிகாரிகளில் இரண்டு பேரின் பெயர் பதிந்த முத்திரைகள் எருசலேமில் தோண்டும்போது கிடைத்ததையும் சொன்னேன்.

முன்வரிசை ஆன்ட்டி ஒருவர் மெதுவாகக் கேட்டார். “அப்போ கொல்லப் பார்த்தவங்க பேருதான் மண்ணுல கிடைச்சிருக்கா?”

“ஆமா ஆன்ட்டி. அவர் பேரு இன்னும் கிடைக்கல.”

பின்னால் ஒருவர் எழுந்தார். “சிஸ்டர், பிள்ளைங்க இருக்கிற இடத்துல இதெல்லாம் தேவையா?”

“என் பொண்ணு கேட்டா, பிரதர். தெரியாததைத் தெரியும்னு அவகிட்ட சொல்ல முடியல.”

ஜெபத்தோடு முடித்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் அங்கிள் போன் செய்தார். இனி பேச வேண்டாம் என்பார் என்றே எடுத்தேன்.

“ரெண்டு பேர் கம்ப்ளைன்ட் பண்ணாங்கம்மா. ஆனா அந்த முத்திரை போட்டோவை அஞ்சாறு பேர் கேட்டாங்க. அடுத்த மாசமும் நீங்களே பேசுங்க. பாஸ்டரும் வந்து உட்காருவார்.”

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் பாஸ்டர் ஏன் வருகிறார் என்ற கவலை பிடித்துக்கொண்டது.