மொட்டைமாடிக்கு மேலே ஒரு வீடு

வேலையிடத்தில் எல்லோரும் அவளைக் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் டீயைக் குடித்துவிட்டு மேலே ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் தரையில் கால் வைப்பாள். டவர் கிரேன் ஓட்டுவது அவள் வேலை. கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து பிடியைத் தள்ளினால், கீழே கிடக்கும் இரும்புக் கம்பிக் கட்டு பட்டம்போல எழுந்து வரும். இத்தனை வருடமாகியும் அந்த நொடியில் அவளுக்கு மனசு துள்ளும்.

அவளுடைய அப்பா கொத்தனாராக இருந்தவர். அவர் ஒரு மாதம் செங்கல் அடுக்கி வாங்கிய கூலியை அவள் ஒரே நாளில் வாங்கினாள். அதில் அவருக்குப் பெருமை தாங்காது. கூடவே ஒரு சந்தேகமும் உண்டு.

“ஒரே சம்பளத்துல அஞ்சு வயித்தையும் கழுவி, சொந்தமா வீடும் கட்டினேன். நீயும் மாப்பிள்ளையும் சம்பாதிக்கிறீங்க. காசுக்குக் கால் முளைச்சுடுதா?”

“முளைச்சுடுதுப்பா. பாதி வாடகைக்கு நடக்குது, மீதி பள்ளிக்கூடத்துக்கு ஓடுது.”

அவர் நம்பவில்லை. அந்த மாதம் வீட்டுக்காரர் வாடகையை மறுபடி ஏற்றியதும், வேறு வீடு பார்க்கத் தானே கூட வருவதாகக் கிளம்பிவிட்டார். சலவைச் சட்டை, வாரிய தலை. பேரம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம்.

தரகர் காட்டிய வீட்டில் கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பைப் பற்றவைக்கலாம். அப்பா விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

“வாடகை வேணாம். விலைக்குன்னா என்ன சொல்றீங்க?”

தரகர் சொன்னார்.

“தெருவையே சேர்த்தா?”

“இந்த ஒரு ரூம் மட்டும்தாங்கய்யா.”

திரும்பும்போது பஸ்ஸில் அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். வீட்டருகே இறங்கியதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “உன்னை ஊதாரின்னு நினைச்சுட்டேம்மா.”

“நினைச்சதோட விட்டீங்களா? ஊர் பூரா சொன்னீங்க,” என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் காலையிலேயே அவர் போன் செய்தார். உடனே வரச் சொன்னார். அவள் போய்ப் பார்த்தால், மனிதர் தன் வீட்டு மொட்டைமாடி மூலையில் சுத்தியலோடு நிற்கிறார். தூண் தலையில் இருந்த சிமெண்ட் மூடியை உடைத்திருந்தார். உள்ளே கம்பி துருவில்லாமல் நின்றது.

“அப்பவே மேல ஒரு மாடிக்குக் கம்பி விட்டேன். காசு சேரும்னு நம்பிக்கை. அப்புறம் உங்களைப் படிக்க வச்சதுல மறந்தே போச்சு. காலி இடத்தைத் தலைமேல வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கோம் பாரு.”

அவள் குனிந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் மாடி மேல் மாடி ஏற்றுகிறவளுக்குத் தன் அப்பாவின் கூரை கண்ணில் படவில்லையே. வேலையிடத்து என்ஜினீயரை அழைத்து வந்து காட்டினாள். அவர் அஸ்திவாரத்தையும் தூணையும் சோதித்துவிட்டு, ஒரு மாடி தாங்கும் என்றார். கணவன் அன்றே கடனுக்கு எழுதிப்போட்டான். ஏறிய வாடகையும் தவணையும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. குழந்தையோடு மூவரும் அப்பாவின் முன்னறைக்கு மாறினார்கள். வாடகைக்குப் போன காசு செங்கல்லாக வந்து இறங்கியது.

கூரைத்தளம் போடும் ஞாயிற்றுக்கிழமை அவளோடு வேலை செய்கிறவர்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். டன் கணக்கில் தூக்கிப் பழகியவள் அன்று சாந்துச் சட்டியைக் கையால் வாங்கி வாங்கிக் கொடுத்தாள். தோள் கழன்றது, சிரிப்பு நிற்கவில்லை. அப்பா ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னால் கேட்டால்தானே. மூலைக்கு மூலை ஓடி மட்டம் பார்த்தார்.

மாலையில் வந்தவர்களுக்குக் கூலி கொடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். இப்போது கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி என்ன என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் கையிலிருந்த பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒரு நாளைக்கா? நான் அவசரப்பட்டுப் பொறந்துட்டேன்.”

“அவசரப்பட்டதாலதான் உங்களுக்கு மனை கிடைச்சுது. சும்மா இருங்கப்பா,” என்றாள் அவள். கூட்டமே சிரித்தது. அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கூலியை ஒருவரும் வாங்கவில்லை.

தளம் இறுகிச் சுவரும் பூசி முடிந்ததும், ஜன்னலுக்குக் கதவு வருவதற்குள்ளேயே அவர்கள் மேலே குடியேறிவிட்டார்கள். முதல் நாள் காற்று தலையணை உறையைக்கூடப் பறக்கடித்தது. குழந்தை அதைத் துரத்திக்கொண்டு அறைக்கு அறை ஓடியது. ஓடுவதற்கு இரண்டு அறைகள் இருந்தன.