மூன்றாம் முறை மாத்திரை

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினாலே எனக்கு வயிறு கலங்கும். குடல் எரிச்சல் நோய் என்றார் டாக்டர். இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் தந்தார். இரண்டு முறையும் குணம் தெரிந்தது. சில மாதங்களில் பழையபடி ஆனது.

"இதையே விடாமச் சாப்பிடலாங்களா?" என்று கேட்டேன்.

"போகப்போக மருந்து கேக்காமப் போயிடலாம். இன்னொரு தடவை வேணும்னா தர்றேன், யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் கணவர், "வாங்கிக்கலாம் அம்மிணி, கண்ணாலம் வருதல்ல?" என்றார்.

மகளின் நிச்சயத்தில் பாதி நேரம் கழிப்பறையில் இருந்தவள் நான். பயந்துகொண்டேதான் விழுங்கினேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இப்போது மறுபடி வயிறு இரைகிறது. டாக்டரிடம் போய் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.