குறை சொன்ன வாய்

நான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பெண்மணி விக்டோரியா ராணி காலத்து லண்டன்காரி. ஓவியங்களைப் பார்த்து நிறைகுறை எழுதுவது அவள் தொழில். ஊர் ஊராகப் போய், தேவாலயச் சுவர்களுக்குக் கீழே கழுத்து வலிக்க நின்று பார்த்து எழுதுவாள். எழுதியது பத்திரிகையில் வரும், பெயர் வராது. படித்தவர்கள் யாரோ ஓர் ஆண் எழுதியதாகவே நினைத்துக்கொண்டார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் மீனவக் குப்பத்திலும் இதே கதைதான். புதுப் படகு தண்ணீரில் இறங்கும் நாளில் பெண்கள் அதில் குறை சொன்னால் ஆகாது. கண்ணில் பட்டதை வீட்டு ஆணின் காதில் போட வேண்டும். அவர் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்வார். அம்மா கண்டுபிடித்ததற்கெல்லாம் நைனா பாராட்டு வாங்கியிருக்கிறார்.

எங்கள் குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில்தான் நான் எதையும் உற்றுப் பார்க்கப் பழகினேன். வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியவன், ஒன்றைப் போலவே மற்றதைச் செய்துவிட்டுப் போகவில்லை. அலுக்காமல் இரண்டையும் தனித்தனியாக யோசித்திருக்கிறான். அவன்மேல் எனக்கு மரியாதை.

நான் லண்டன்காரியைப் படித்துக்கொண்டிருந்த வருடம் நைனா புது ஃபைபர் படகு வாங்கினார். பூசை முடிந்து, தள்ளுவதற்கு ஆட்கள் தோள் கொடுத்தபோதுதான் கவனித்தேன். பெயிண்டர் ஒரே அட்டையை வெட்டி, திருப்பாமல் இரண்டு பக்கமும் வைத்து மீன் வரைந்திருந்தார். ஒரு பக்கத்து மீன் கடலைப் பார்த்தது, மறுபக்கத்து மீன் கரையைப் பார்த்தது. நைனா பக்கத்தில்தான் நின்றார். அவர் காதில் போட எனக்கு மனம் வரவில்லை.

"இந்தப் பக்கம் மீனு தப்பா கீது" என்றேன், எல்லோருக்கும் கேட்க.

தோள் கொடுத்தவர்கள் படகை விட்டு நிமிர்ந்தார்கள்.

"போறதும் வேணும், வர்றதும் வேணும்லமா?" என்று பெயிண்டர் சமாளித்தார்.

"பின்னாலயே நீந்துற மீனை நீ எங்கண்ணே பாத்த?"

யாரோ சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. கடுகடுவென்று படகைச் சுற்றி வந்தார். இனி வலை காலியாக வரும் நாளெல்லாம் பழி என் தலையில்தான்.

"அழிச்சிட்டு திருப்பி வரை. அப்பறம் தள்ளலாம்" என்றார் பெயிண்டரிடம்.

பங்காளி ஒருவர் நைனாவின் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். "நீ முன்னயே பாத்துட்ட, பொண்ணு முந்திக்கிச்சு. அப்டிதானே?"

"நான் இன்னாத்த பாத்தேன்? எம் பொண்ணு பாத்துச்சு. எம் பொண்ணுதான் சொல்லிச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து, இத்தனை வருடமும் காதோடு காதாகவே பேசிய அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"மோட்டார் போல்ட்டும் லூசா கீது. அதையும் பாருய்யா!"