வெறுங்காலும் எர்த் வயரும்

பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு மாலைக் கச்சேரி. ஒலியமைப்பு என் பொறுப்பு. ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் அடங்கவே மறுத்தது. எரிச்சலில் சவுண்ட் மிக்சரின் எர்த் வயரைக் கழற்றிவிட்டேன், இரைச்சல் நின்றது. காலில் போட்டிருந்த ரப்பர் சப்பாத்தோடு மைக்கைப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

பிறகு மழை பெய்து ஓய்ந்தது. பாட வந்த அக்கா படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நனைந்த மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எர்த் வயர் கழன்று கிடப்பது அப்போதுதான் உறைத்தது. மைக்கில் மின்சாரம் கசிந்தால் அந்த வெறுங்கால் வழியாகத்தானே இறங்கும்!

“அக்கா, தொடாதீங்க!”

கைதட்டலில் என் குரல் அமுங்கிப்போனது. அவர் கை மைக்கை நோக்கி நீண்டது. மெயின் சுவிட்சை அடித்து இறக்கினேன். மேடை இருண்டது. கூட்டம் ஊளையிட்டது.

ஓடிப்போய் வயரைக் கழற்றிய உண்மையைச் சொன்னேன். அவர் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தார்.

“போய் மாட்டு தம்பி. சனங்க காத்திருப்பாங்க லா.”

மாட்டினேன். மெயினைப் போட்டு மைக்கில் டெஸ்டர் வைத்தேன், டெஸ்டரின் விளக்கு எரியவில்லை; கசிவு இல்லை. இரைச்சல் மட்டும் திரும்பி வந்தது.

“செருப்பைப் போட்டுக்குங்கக்கா,” என்று கெஞ்சினேன்.

“நீதான் மாட்டிட்டியே,” என்றவர், வெறுங்காலோடு போய் மைக்கைப் பிடித்தார்.

இப்போதும் இரைச்சல் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். எர்த் வயரிடம் மட்டும் கை போவதில்லை. அந்த ஈரப் பாதங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன.