வேதகிரி பெரியப்பாவின் மண்மேடு

மழை பிடித்தால் எங்கள் தெருவில் எல்லோரும் கொடியில் காயும் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். வேதகிரி பெரியப்பா மட்டும் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு குவாரிப் பக்கம் கிளம்பிவிடுவார். அங்கே மண்மேட்டின் அடியில் ஓடும் வாய்க்காலில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, ஆடாமல் வைத்துப் பார்ப்பார். அடியில் மண் தங்கினால் மேடு கரைகிறது என்று அர்த்தம்; அன்று அவருக்குச் சோறு இறங்காது. தண்ணீர் தெளிவாக இருந்தால் வீட்டுக்கு வந்து இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். பல வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். தெருவில் அவருக்குக் கிறுக்கு என்றார்கள். பெரியம்மாவும் சில நாள் அப்படித்தான் சொன்னார்.

மானாம்பதியைத் தாண்டி இருந்த ஒரு கல்குவாரியில் அவர் பொக்லைன் ஓட்டினார். குவாரி வருவதற்கு முன் அது குன்றடியில் இருந்த கழனி. பெரியப்பாவின் தாத்தாவும், எங்கள் தெரு ஐசக் மாமாவின் தாத்தாவும் அங்கே கூலிக்கு இருந்தவர்கள். கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை வெட்டி, கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அந்தக் கழனியில் கொட்டுவார்கள். ஒவ்வொரு கோடையும் இதே வேலை. அப்படிச் சேர்ந்ததுதான் அங்கே இருந்த ஒரு முழ மண். அதற்குக் கீழே கிராவல், அதற்கும் கீழே பாறை. நிலக்காரர் குடும்பம் ஒருநாள் நிலத்தை விற்றுவிட்டுப் போனது.

குவாரியின் மேனேஜர் கல்பனா மேடம்தான் அந்த மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுத்து ஓரமாகச் சேர்த்துவைக்கச் சொன்னவர். கல் எடுத்து முடித்துப் பள்ளத்தை மூடும்போது அதை மேலே பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அங்கே புல்கூட முளைக்காது என்று விளக்கினாராம். வேலை பெரியப்பாவுக்கு வந்தது.

பெரியப்பா இளவயதில் வைக்கோல் போர் போடுவதில் பேர் வாங்கியவர். அவர் போட்ட போருக்குள் அடைமழையிலும் ஈரம் இறங்காது. மண்ணையும் அப்படியே போட்டுவிட்டார். பனை மரத்தில் பாதி உயரம், உச்சி குறுகலாக, நாலு பக்கமும் பக்கெட்டால் தட்டித் தட்டிக் கெட்டியாக. தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். கல்பனா மேடம் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்குண்ணே. ஆனா மண்ணு வைக்கோல் இல்ல, அது மூச்சு விடணும். உள்ள இருக்கிற புழு பூச்சி எல்லாம் செத்துட்டா, பிரிக்கும்போது வெறும் தூசிதான் கிடைக்கும்" என்றார்.

இரண்டு நாள் வீட்டில் பேஜார். கட்டின போரைப் பிரிக்கச் சொல்கிறார்களே என்று புலம்பிக்கொண்டே இருந்தார். பிறகு பிரித்தார். ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் நீளமாகப் பரப்பி, சுற்றிலும் கரை போட்டு, வாய்க்கால் வெட்டி, மண் கரையாமல் பிடித்துக்கொள்ள மேலே சணப்பும் கொள்ளும் விதைத்தார். அதன்பின் அந்த மேட்டின்மேல் வண்டிச் சக்கரம் ஏற விடவில்லை. டம்ளர் பழக்கம் அப்போது வந்ததுதான். தன் மகள் நிஷா அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களைக்கூட, காபி கொடுப்பதற்குள், சணப்பு பூத்திருக்கிறது வாருங்கள் என்று மேட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். மாப்பிள்ளையின் அப்பா திரும்பி வந்து, சம்பந்தி பெண்ணைக் காட்டுவாரா மண்ணை மட்டும்தான் காட்டுவாரா என்று கேட்டது இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிறது.

அடுத்து வந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. எங்கள் தெரு தாழ்வு. ஐசக் மாமா வீடு அதிலும் தாழ்வு. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தார்கள். மாமாவும் பெரியப்பாவும் ஒன்றாக வளர்ந்தவர்கள். பொங்கலுக்கு இங்கிருந்து பானை போகும், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வரும். தரையை உயர்த்த நாலு லோடு மண் வேண்டும் என்று மாமா கேட்டபோது, கிடைக்கும் என்றுதான் தெருவே நினைத்தது. பெரியப்பா முடியாது என்றார். மாமா முதலில் விளையாட்டு என்று எண்ணிச் சிரித்தார்.

"இன்னா மச்சான், குவாரிக்காரன் உனக்கு மாமனாரா? யாரு மண்ணு அது? உங்க தாத்தனும் எங்க தாத்தனும் தலையில தூக்கினு வந்து கொட்னது."

"அதனாலதான்டா தரமாட்டேன்றேன். வூட்டுக்கடியில போட்டுப் பொதைக்கவா தூக்கினு வந்தாங்க?"

"அப்ப எம்புள்ளைங்க தண்ணியில கெடக்கட்டும்."

"உனக்குக் கிராவல் கொண்டாந்து போட்றேன். அது எம்பொறுப்பு" என்றார் பெரியப்பா. பெரியம்மா கொண்டுவந்த டீயைக் குடிக்காமல் மாமா எழுந்து போனார்.

கிராவல் குவாரியைத் தாண்ட வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். பெரியப்பா கேட்கும்போதெல்லாம் முதலாளி பார்க்கலாம் என்றார். சில வருடம் கழித்து, கிழக்குப் பக்கம் கல் சரியில்லை என்று பள்ளத்தை மூடத் தொடங்கியபோது, இருந்த கிராவல் எல்லாம் அதற்குள்ளேயே போயிற்று. அதன்மேல் பெரியப்பா தன் மண்ணைப் பரப்பினார். பரப்பிய இடத்தில் பொக்லைன் ஏறாதபடி பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, கோலம் போட்டுக்கொண்டே பின்வாங்குகிற மாதிரி. முதல் மழைக்கே பச்சை பிடித்தது. மறு வருடம் அங்கே வேர்க்கடலை. முதலில் பிடுங்கிய செடியை மண்ணோடு தூக்கிப்பிடித்துக்கொண்டு தெரு முழுவதும் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று காய்களை எண்ணச் சொன்னார். ஐசக் மாமா வாசலில்தான் இருந்தார். செடியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்குப் பெருமை அந்தக் கடலைக் கொல்லைதான். பாறை வரை தோண்டிய இடத்தில் மறுபடி விளைய வைத்தவர் எங்கள் பெரியப்பா. அங்கே விளைவது வேறு யார் வீட்டுக்கோ போகிறது என்று தெரிந்தும் அந்தப் பெருமை குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். தாத்தாக்கள் சுமந்தபோதும் விளைச்சல் அவர்களுக்கு வரவில்லையே. அவர் மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதை ஐசக் மாமா வாசலில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன தை மாதம் பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஐசக் மாமா வந்து பாடையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். சுடுகாடு வரை தோள் மாற்றிக்கொள்ளவில்லை. கிராவலைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த ஐப்பசியிலும் மழை நன்றாகப் பெய்தது. மாமா வீட்டில் கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறார்கள்.