பாடும் வாய்

கவிதை பிறர் வாழ்வைக் காணக் கண்களைத் திறந்துவிடும் என்று திண்டிவனத்தில் என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிவருகிறேன். சொல்லும்போதெல்லாம் ஒரு சோர்வு வந்து கவிகிறது. திறந்த கண்களை வைத்துக்கொண்டு பிறகு என்ன செய்வது என்பதை நான் சொல்வதே இல்லை.

கோலியனூரை அடுத்த எங்கள் ஊரில் விதைக்கான மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கையால்தான் உடைப்பார்கள். பொறியில் இட்டால் பருப்பின் தோல் உரிந்து முளைப்பு கெடும். எங்கள் களத்துக் கொட்டகையில் பெண்கள் வட்டமாக அமர்ந்து உடைக்க, அத்தை நாற்காலியில் இருந்து பாட்டுக் கேட்பார். பாட்டு நின்றால், "என்னாடி, வாய் ஓஞ்சி போச்சா?" என்பார். உடனே ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள். இத்தகைய இசைப்பற்றுள்ள அத்தை எவருக்கு வாய்ப்பார் என்று நான் பெருமை கொண்டிருந்தேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. விழுப்புரத்தில் நடக்கவிருந்த ஒப்புவித்தல் போட்டிக்காக, அக்காள் தன் கல்லூரி மலரிலிருந்து ஒரு கவிதையை எனக்குப் பயிற்றியிருந்தாள். எழுதியவள் அவளுடைய வகுப்புத் தோழி. வானூர்ப் பக்கத்துப் பெண். மல்லாட்டையும் பாட்டும் வந்தமையால், அது எங்கள் கொட்டகையைப் புகழ்வதாகவே எனக்குப் பட்டது.

ஒரு நாள், வட்டத்திலேயே நன்றாகப் பாடுபவள் வாய் திறக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"காய்ச்சலும்மா. தொண்ட கட்டிக்கினு இருக்குது. இன்னிக்கு ஒரு நாள் வுட்ருங்க."

"தொண்டையில என்னாடி, மல்லாட்ட சிக்கிக்கினு இருக்குதா?" என்றார் அத்தை. இரண்டொருவர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "பாட முடியலன்னா வூட்டுக்குப் போ. நாளைக்கும் வராத."

அவள் எழவில்லை. கரகரத்த குரலில் தொடங்கினாள். இரண்டாம் அடியில் இருமல் மறித்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள்; மீண்டும் இருமினாள். அந்த இடைவெளி எனக்கு வாய்ப்பாகத் தோன்றியது. எழுந்து நின்று, கைகளை வீசி, அக்காள் கற்பித்தவாறே ஒப்புவித்தேன்:

அம்மா நன்றாகப் பாடுவாள்.
மல்லாட்டை உடைக்கையில்
பாடிக்கொண்டே இருப்பாள்.
பாடும் வாய் மெல்லாது
என்று அவர்களுக்குத் தெரியும்.
வீட்டில் ஒரு பாட்டுக் கேட்டால்
வாய் வலிக்கிறது என்பாள்.

உடைக்கும் கைகள் நின்றுவிட்டன. இருமியவள் தலை நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"எவ எழுதுனது இது?"

"அக்காவோட கூட்டாளி, அத்தை."

அத்தை வட்டத்தை நோக்கினார். ஒருவரும் அவரை நோக்கவில்லை. "சரி, யாரும் பாட வேணாம். ஜல்தியா உடைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் எல்லாரும் வந்தார்கள், காய்ச்சல்காரி உட்பட. அத்தை ஒரு தட்டு நிறைய வறுத்த மல்லாட்டையும் வெல்லமும் கொணர்ந்து வட்டத்தின் நடுவே வைத்தார். "எடுத்துக்குங்க" என்றார்; அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. ஓடு உடையும் ஒலி மட்டுமே எழுந்தது. நண்பகல் ஆகியும் தட்டு வைத்தது வைத்தபடியே இருந்தது. அத்தை அதைப் பார்ப்பதும் வேறு பக்கம் திரும்புவதுமாக இருந்தார்.

"பசிக்கலியா?" என்று காய்ச்சல்காரியிடம் கேட்டேன்.

"பசிக்குது பாப்பா. நீ துன்னு."

பாட்டும் இல்லாமல், தின்பாரும் இல்லாமல் கொட்டகை எனக்கு அலுத்துவிட்டது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெல்லத்தோடு முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். அன்று மாலை அக்காளிடம் போட்டிக்கு வேறு கவிதை கேட்டு அழுதேன். அந்தக் கவிதைக்கு ஒருவரும் கைதட்டவில்லையே!