லென்ஸ் பெட்டியை எங்கே வைப்பது?

அடுத்தவர் கண்ணில் விரல் வைத்துச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து காண்டாக்ட் லென்ஸ் பொருத்துகிறேன். கண்ணின் வளைவை அளப்பது, பவர் பார்ப்பது, மாதிரி லென்ஸைப் போட்டு அது ஒழுங்காக உட்காருகிறதா என்று மெஷினில் பார்ப்பது எல்லாம் சின்ன வேலை. அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. வந்தவர் தானே போட்டு, தானே கழற்றிக் காட்டும்வரை லென்ஸைக் கொடுத்தனுப்பக் கூடாது என்பது எங்கள் கடையின் சட்டம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள், ஊசி போடும் நர்ஸுகள், பல் டாக்டர்கள் எல்லோரும் எனக்கு உறவுக்காரர்கள்தான். அடுத்தவர் உடம்பு சொன்ன பேச்சு கேட்கட்டும் என்று பொழுதன்றைக்கும் காத்துக் கிடக்கிற அவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும்.

மூக்கின் மேல் இருப்பது

எனக்குக் கண் சீக்கிரம் காய்ந்துபோகும். லென்ஸ் ஒத்துக்கொள்ளாது. அதனால் நான் கண்ணாடிதான் போடுகிறேன். வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது என் மூக்கைத்தான். அப்புறம், நீங்கள் ஏன் லென்ஸ் போடவில்லை என்ற கேள்வி. சமையல்காரர் ஓட்டலில் சாப்பிடுவதைப் பிடித்துவிட்டது போல ஒரு பார்வை. காய்ந்த கண்ணைப் பற்றி விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

முதலாளி ஜோஸ் சேட்டன் வியாபாரம் கெடுகிறதென்று, வேலை நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னார். வைத்தேன். அன்றைக்கே ஒரு லென்ஸ் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கண்ணாடி இல்லாத நானும், லென்ஸ் இல்லாத வாடிக்கையாளரும் தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டுச் சேட்டன் எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "விஜயா, நீ அந்தக் கண்ணாடியையே எடுத்துப் போட்டுக்கோ. ரெண்டு பேருல ஒருத்தருக்காவது கண்ணு தெரியட்டும்."

கல்யாண நகம்

பள்ளுருத்தியிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் பெயர் ஜீனத். மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே இருப்பது நானா, நாற்காலியா என்று தெரியாது. கல்யாணம் நெருங்கிவிட்டது. அதற்குள் லென்ஸ் பழக வேண்டும். தமிழ்க் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்ததால் நானும் தமிழிலேயே பேசினேன். அந்த அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி. உடனே குரலைத் தாழ்த்தி, மாப்பிள்ளை வீட்டுக்குக் கண்ணாடி விஷயம் தெரியாது என்றும் சொல்லிவிட்டார்.

ஜீனத்துக்குக் கை கிட்டே வந்தாலே கண் கதவைச் சாத்திக்கொண்டது. லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமா என்று கேட்டாள். போகாது, வழியே கிடையாது என்றேன். நம்பினாள், ஆனால் அவள் இமை நம்பவில்லை. போதாததற்கு விரல் நகங்கள் எல்லாம் நீள நீளமாக வளர்ந்திருந்தன. அந்த நகத்தோடு லென்ஸைக் கழற்றினால் கண்ணோடு சேர்ந்து வரும், வெட்ட வேண்டும் என்றேன். அம்மா மகளின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வளர்த்தது மருதாணி போட்டு மேடையில் காட்டுவதற்காம். கொஞ்சம் யோசித்து அவர் என்னிடம் ஒரு வழி சொன்னார்: "மோளே, நகம் கிடக்கட்டும். நீ கல்யாணத்தன்னைக்குக் காலையில வீட்டுக்கு வந்து போட்டுவிடு. பிரியாணி சாப்பிட்டுட்டுப் போலாம்."

ஜூ டவுன் அவசரம்

யூதர்கள் வாழ்ந்த தெருவான ஜூ டவுனில் பழைய சாமான் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி என்னிடம் லென்ஸ் வாங்கியிருந்தான். பாடம் எல்லாம் நன்றாகப் படித்துத் தேர்வான பிள்ளை. கையைக் கழுவ வேண்டும், தண்ணீரில் லென்ஸைக் கழுவக் கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முன்னால் அவனே ஒப்பித்தான். ஒரு நாள் காலையில் இடது கண் செக்கச்செவேலென்று, இமை வீங்கி, தண்ணீர் கொட்டக்கொட்ட வந்து நின்றான். மெஷினில் பார்த்தேன். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

பல வாரம் மருந்து ஊற்றிய பிறகு கண் தப்பியது. தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் இப்போதும் ஒரு மங்கல். என்னதான் செய்தாய் என்று கேட்டேன். வருவதற்கு இரண்டு நாள் முன்னால் இரவு லென்ஸைப் போட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறான். மறுநாள் காலையில் கடையில் வைத்து உறுத்தியதும் கழற்றியிருக்கிறான். கழுவும் மருந்து வீட்டில். மற்றதை அவனே சொன்னான்: "வாயில போட்டு ஒரு சுத்து சுத்தித் திரும்பப் போட்டுக்கிட்டேன், சேச்சி. வெளிநாட்டுக்காரங்க வெயிட் பண்ணிக்கிட்டிருந்தாங்க."

பெட்டியை எங்கே வைப்பது

ஜீனத் விடாமல் வந்தாள். அடுத்த தடவை தனியாக வந்தாள், நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு. வீட்டில் அதற்காக ஒரு பாட்டு வாங்கியிருக்கிறாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதாள், லென்ஸைக் கீழே போட்டாள், சாயா குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஒரு நாள் சாயங்காலம் இரண்டு கண்ணிலும் அவளே போட்டு அவளே எடுத்துக் காட்டினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வழக்கம்போலப் பெட்டியைக் கொடுத்தேன். ஒரு பக்கம் பச்சை மூடி, ஒரு பக்கம் வெள்ளை மூடி உள்ள சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. தினமும் இரவில் லென்ஸைக் கழற்றி மருந்து ஊற்றி இதில் வைக்க வேண்டும் என்றேன்.

அவள் பெட்டியைக் கையில் வாங்கவே இல்லை. புருஷன் வீட்டில் இதை எங்கே வைப்பது என்று கேட்டாள். பீரோ அவருடையது, பாத்ரூம் பொது, தலையணைக்கு அடியில் வைத்தால் அவர் கையில் கிடைத்துவிடும். அதனால் கழற்றப் போவதில்லை, போட்டுக்கொண்டே தூங்கிக்கொள்கிறேன் என்றாள். ஜூ டவுன் தம்பியின் வெள்ளைப் புள்ளி என் கண் முன்னால் வந்து நின்றது. அவனைப் பற்றிச் சொன்னேன். கண்ணே போய்விடும் என்றேன். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு, அது இதைவிடச் சுலபம் என்றேன். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பொண்ணு பார்க்க வந்தப்போ அவங்க அம்மா, கண்ணாடி உண்டான்னு நேராவே கேட்டாங்க, சேச்சி. எங்கம்மா இல்லன்னுட்டாங்க. இனி உண்டுன்னா நான் எப்படிச் சொல்லுவேன்?"

இடப்பள்ளியிலிருந்து ஒருவர்

அதே வாரத்தில் இடப்பள்ளியிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். பெயர் அன்சார், மொபைல் கடை வைத்திருக்கிறார். மைனஸ் ஆறு. இடப்பள்ளியில் மாலுக்கு மால் கண்ணாடிக் கடை இருக்கும்போது பாலம் தாண்டி இவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டேன். அங்கே எல்லோரும் தெரிந்தவர்களாம். கல்யாணமாம். பெண் வீட்டுக்குத் தெரியாதாம். இந்த 'தெரியாதாம்'களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பேசாமல் அவர் கண்ணை அளந்தேன்.

லேசாகப் பழுப்பு நிறம் கலந்த லென்ஸ் போட்டால் பெண்ணுக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்குமா என்று கேட்டு, போனில் நிச்சயதார்த்தப் படத்தைக் காட்டினார். அவர் பக்கத்தில் ஜீனத். இரண்டு பேருமே கண்ணாடி இல்லாமல், கேமரா எங்கே இருக்கிறதென்று தெரியாமல், ஆளுக்கொரு திசையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லாமல் விட்டால் ஒரே அறையில் இரண்டு பேர் லென்ஸோடு படுத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வார்கள். நினைத்தது போலவே அவரும் பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டார். ஜீனத் பயந்து சாகிற அந்த 'கண்ணாடி உண்டா' கேள்வியின் கதையையும் அவரே சொன்னார்: "ரெண்டு பேருக்கும் கண்ணாடி இருந்தா பிள்ளைங்களுக்கும் வரும்னு எங்கம்மாவுக்கு பயம். அதான் பொண்ணுக்கு உண்டான்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாங்க. பாவம், அவங்க வீட்டுல உண்மையைச் சொன்னாங்க, சேச்சி. நாங்கதான் சொல்லல."

இரண்டு பேருக்கும் ஒரே புத்திமதி

அன்றைக்கெல்லாம் எனக்கு வேலையே ஓடவில்லை. பெயர் எதுவும் சொல்லாமல், கவுண்டரில் இருக்கும் ரசாக்கிடம் கேட்டேன். எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு ஃபிரேம் விற்ற ஆள். வாடிக்கையாளர் ரகசியத்தைச் சொல்லக் கூடாது, ஆனால் புத்திமதி சொல்ல யாரும் தடை போடவில்லை என்றார் அவர். எனக்கும் வேறு வழி தோன்றவில்லை.

அன்சாருக்கு நிறமில்லாத சாதா லென்ஸும், ஜீனத் கடைசியில் வாங்கிப் போன அதே பச்சை வெள்ளைப் பெட்டியும் கொடுத்தேன். அவரிடம் சொன்னதையே ஜீனத்துக்கும் போன் செய்து சொன்னேன். பெட்டியை ஒளிக்காதே. முதல் ராத்திரியே வாஷ்பேசின் மேலே, முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வை. கேட்டால் சொல்லிவிடு. கேட்கும் ஆள் கோபப்பட்டால் என்னிடம் கூட்டிக்கொண்டு வா, நான் பேசுகிறேன். இருவரும் சரி சரி என்றார்கள். அந்த 'சரி சரி'யை நான் நம்பவில்லை. கல்யாண நாளில் பிரியாணி அழைப்பைச் சொல்லி நான் வாய்விட்டுப் புலம்பியதைக் கேட்டு ரசாக் சொன்னார்: "பிரியாணிக்குக் கூப்பிட்டாங்கல்ல, போயிருக்கலாமே. புலம்புறதை அங்க உட்கார்ந்து சாப்பிட்டுட்டே புலம்பியிருக்கலாம்."

பச்சை மூடி, வெள்ளை மூடி

சில வாரம் கழித்து, கடை திறந்த கையோடு போன் வந்தது. ஜீனத். "சேச்சி, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள். வலிக்கிறதா, சிவந்திருக்கிறதா, லென்ஸோடு தூங்கினாயா என்று கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை. காலையில் போட்டதிலிருந்து எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறதாம். உடனே கிளம்பி வரச் சொன்னேன்.

ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே அன்சார், தலையைப் பிடித்துக்கொண்டு. எல்லாம் சுற்றுகிறது என்று வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜீனத்தை மெஷின் முன்னால் உட்காரவைத்தேன். கருவிழி பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பவரைச் சோதித்தேன். மைனஸ் ஒன்பதுக்காரி கண்ணில் மைனஸ் ஆறுக்கான லென்ஸ். படியில் இருந்தவரையும் உள்ளே இழுத்துப் பார்த்தேன். அவர் கண்ணில் அவளுடையது. ஒருவர் லென்ஸை ஒருவர் போடுவதா, கிருமி தொற்றாதா என்று நான் கத்திய கத்தலில் ரசாக் எழுந்து வந்துவிட்டார். நான்கு லென்ஸையும் கழற்றிக் குப்பையில் போட்டேன். ஆளுக்குப் புது ஜோடி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் பைக்குள்ளிருந்து அவரவர் தடிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். என்ன நடந்தது என்று கேட்டதற்கு அன்சார் அவளைப் பார்த்தார். அவள் ஒன்றும் மறைக்கவில்லை: "முதல் ராத்திரி நான் பெட்டியை வைக்கப் போனா அங்க ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு, சேச்சி. இப்போ மாமிக்குத் தெரியாம ரெண்டு பெட்டியையும் ஒரே டப்பாவுல ஒளிச்சு வைக்கிறோம், காலையில மாறிடுச்சு. எனக்கு வேற நிற மூடியில ஒண்ணு குடுங்க."

கையைக் கழுவு, நகத்தை வெட்டு, தூங்கும்போது எடு என்று நடத்தும் பாடத்தில் 'உன்னுடையதையே போடு' என்பதையும் இப்போது சேர்த்துவிட்டேன், அதற்கும் எல்லோரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.